நூற்றைம்பது பஸ்கியும் டீ நிறச் சிறுநீரும்

வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

கேள்வி: எனக்கு 38 வயது. கல்லூரியில் வாலிபால் அணியில் இருந்தேன். தினம் 200 பஸ்கி அப்போது சர்வசாதாரணம். வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆறு வருடமாக எதுவும் செய்யவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு போட்டி போட்டு முக்கால் மணி நேரத்தில் 150 பஸ்கி எடுத்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்க முடியவில்லை. தொடை இரண்டும் வீங்கி பேன்ட் ஏறவில்லை. சிறுநீர் பால் ஊற்றாத டீ மாதிரி போனது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். நிறையத் தண்ணீர் குடித்ததும் மறுநாள் சிறுநீர் தெளிந்துவிட்டது. வெறும் உடம்புச் சூடுதானே, விட்டுவிடலாமா டாக்டர்?

பதில்: விட முடியாது. பத்திரிகை அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் நாளாகிவிடும் என்பதால், உங்கள் ஈமெயிலைப் பார்த்த உடனே 'ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், சி.பி.கே., கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்' என்று பதில் போட்டேன். நீங்களும் போனீர்கள், நன்றி. ஐந்தாம் நாள் எடுத்த உங்கள் ரிப்போர்ட்டில், தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைமான சி.பி.கே. 18,400. ஏறக்குறைய 200-க்குள் இருக்க வேண்டிய சமாச்சாரம் அது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் நல்லவேளையாக நார்மலாக 1.1-இல் நின்றிருந்தது. இரண்டு நாள் சலைன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற வாசகர்களுக்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்ததன் பெயர் ராப்டோமயோலைசிஸ். வாயில் நுழையாது, தசைச் சிதைவு என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு இதைப் புத்தகத்தில் படித்தும் தெரியும், பட்டும் தெரியும். 44 வயதில், மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு, வீட்டு வாசற்படி நிலையில் கம்பி மாட்டி புல்-அப் எடுக்கப் போனேன். மேலே இழுக்க வரவில்லை. சரி, நாற்காலியில் ஏறி மேலே பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறங்குவதை மட்டும் செய்வோம் என்று 40 தடவை இறங்கினேன். 'பரவாயில்லையே, இன்னும் தெம்பு இருக்கிறது' என்று கண்ணாடியில் தோளைப் பார்த்துக்கொண்டதும் உண்மை. இரண்டாம் நாள் முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது, நீட்டவும் வராது, முழுக்க மடக்கவும் வராது. பிரஷை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பல் துலக்கினேன். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்ட நர்ஸ் உதவி தேவைப்பட்டது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. மத்தியானம் சிறுநீரைப் பார்த்த பிறகுதான் வந்தது.

லேபுக்கு சாம்பிள் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் டெக்னீஷியன் போன் செய்தார். "சார், ஸ்ட்ரிப்பில் ரத்தம் மூணு பிளஸ் காட்டுது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தா ஒரு சிவப்பணுகூட இல்லை. இது யாரோட சாம்பிள் சார்?"

"என்னோடதுதான்."

ரத்தமே இல்லாமல் ரத்தம் காட்டுகிற இந்த விசித்திரம்தான் இந்த நோயின் கைரேகை. தசைக்குள் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்றொரு புரதம் உண்டு. ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு அது பங்காளி மாதிரி. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தசைச் செல் உடைந்தால் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, டீ நிறமாக வெளியே வருகிறது. ஆனால் சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து பெருமளவு மறைந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு மறுநாளே சிறுநீர் தெளிந்தது. நிறைய பேர் ஏமாறும் இடமும் அதுதான். மயோகுளோபின் போன பிறகும் சி.பி.கே. பல நாள் ரத்தத்தில் தங்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு நாளுக்கு ஏறத்தாழ பாதியாக இறங்கும். முதல் இரண்டு மூன்று நாளில் பார்த்திருந்தால் உங்கள் எண் இன்னும் பயமுறுத்தியிருக்கும்.

பஸ்கியில் என்ன இருக்கிறது, வெறும் உட்கார்ந்து எழுவதுதானே என்று கேட்கலாம். எழுவதில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆபத்து உட்காருவதில் இருக்கிறது. உட்காரும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் கனத்தைத் தாங்குகிறது. சுருங்கிக்கொண்டு வேலை செய்வதைவிட, நீண்டுகொண்டு பாரம் தாங்குவதில்தான் தசை நார்கள் அதிகம் கிழியும். மலை ஏறியவனைவிட இறங்கியவனுக்குத்தான் அடுத்த நாள் தொடை பிடித்துக்கொள்வது இதனால்தான். நான் செய்ததும் இறங்கும் வேலை மட்டும்தானே! செல்லின் தோல் கிழிந்ததும் கால்சியம் உள்ளே வெள்ளமாகப் புகுந்து, செல் தன்னைத்தானே அரித்துக்கொள்கிறது. உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே வந்து இதயத் துடிப்பைக் குலைக்கலாம். ரத்தத்தில் இருக்கும் நீரும் வீங்கிய தசைக்குள் போய் உட்கார்ந்துவிடுவதால் சிறுநீரகம் காய்கிறது. காய்ந்துகிடக்கும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் மயோகுளோபின் போய் அடைத்துக்கொள்கிறது. சலைன் ஏற்றுவது அதைக் கழுவி விடத்தான். மணிக்கு 200 முதல் 300 மில்லி சிறுநீர் போக வேண்டும் என்று கணக்கு வைத்து ஏற்றுவோம். எனக்கு சி.பி.கே. 31,000 வந்த அன்று படுக்கைக்கு அடியில் அளவு பாட்டிலை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நானே மில்லி எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போட்ட வலி மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக் வகையறா சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்தை இன்னும் அமுக்குவது மாதிரி. சிறுநீர் கறுத்திருக்கும்போது அவற்றைத் தொடவே கூடாது.

உங்களை மாதிரி முன்னாள் விளையாட்டுக்காரர்களிடம்தான் இதை நான் அதிகம் பார்க்கிறேன். ஜென்மத்தில் பஸ்கியே எடுக்காதவர் 30-இல் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். உங்களுக்கு முறை தெரியும், வலியைப் பொறுக்கத் தெரியும், 200 என்ற எண்ணும் ஞாபகத்தில் இருக்கிறது. தசைக்கு அந்த எண் மறந்துபோய் வருடக்கணக்காகிறது. ஆறு வருடம்கூட வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்கள் சுமார் மூன்று வார விடுமுறை முடிந்து திரும்பினார்கள். தங்களால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் பாதியைத் தோளில் வைத்து 100 ஸ்குவாட் எடுக்கச் சொன்னார்கள். 13 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் இருபதை ஒட்டிய வயது, முழுநேரப் பயிற்சி உள்ள உடம்பு.

கேள்வி: ஜிம்முக்குத் திரும்பப் போன எல்லோருக்கும்தான் உடம்பு வலிக்கிறது. எது சாதாரண வலி, எது ஆஸ்பத்திரி வலி?

பதில்: சாதாரண வலி மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் போய்விடும். மெல்ல நடமாடினால் கொஞ்சம் இளகும். முனகிக்கொண்டாவது படி இறங்கிவிடுவீர்கள். தசை உப்பிக் கல்லாக இறுகிவிட்டது, கைகாலை நீட்டவோ மடக்கவோ வரவில்லை, செய்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத பலவீனம், வாந்தி, சிறுநீர் கறுப்பு அல்லது அளவு குறைவு என்று ஏதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம். சிறுநீர் நிறம் மாறினால்தான் நோய் என்பதும் இல்லை. பாதிப் பேருக்காவது அது கண்ணில் படாமலே போய்விடும். தசை இறுகியதோடு மரத்துப்போவதும் சேர்ந்தால், தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கிறது என்று பொருள். அதற்கு உறையைக் கீறிவிடும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நாள் கணக்கில் யோசிக்க முடியாது, மணிக்கணக்கு அது.

கேள்வி: மாஸ்டர் செக்கப்பில் எஸ்.ஜி.ஓ.டி. 310, எஸ்.ஜி.பி.டி. 120 என்று வந்திருக்கிறது. குடிப்பழக்கமே இல்லாத எனக்குக் கல்லீரல் நோயா? அதற்கு மூன்று நாள் முன்னால்தான் ஒரு வருடம் கழித்து ஜிம்முக்குப் போனேன், அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

பதில்: கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், அம்மா. இந்த இரண்டு என்சைமும் கல்லீரலுக்கு மட்டும் சொந்தம் இல்லை. தசையிலும் உண்டு, அதிலும் எஸ்.ஜி.ஓ.டி. தாராளமாகவே உண்டு. இன்னொரு கல்லீரல் என்சைமான ஜி.ஜி.டி. நார்மலாக இருந்து சி.பி.கே. ஏறியிருந்தால் பழி தசை மேல்தான். உடனே சி.பி.கே.-யும் கிரியேட்டினினும் பாருங்கள். ஒரு வாரம் பளு தூக்காமல் இருந்துவிட்டு கல்லீரல் டெஸ்ட்டை மறுபடி எடுங்கள். இனி செக்கப்புக்கு முந்தைய சில நாள் புதுப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

கேள்வி: வயது 57. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின் சாப்பிடுகிறேன். அது தசையை அரிக்கும் என்று படித்தேன். உடற்பயிற்சி தொடங்கும் முன் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டாடினால் தசை சிதையும் அளவுக்குப் போவது மிக அரிது. மாரடைப்பு அவ்வளவு அரிது இல்லை. மெதுவாகத் தொடங்குங்கள். இடையில் கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்கோ பூஞ்சைத் தொற்று மாத்திரையோ எழுதித் தந்தால் 'நான் ஸ்டாடின் சாப்பிடுகிறேன்' என்று மறக்காமல் சொல்லுங்கள். சில ஸ்டாடின்களோடு அவை சேர்ந்தால் ரத்தத்தில் ஸ்டாடின் அளவு ஏறிவிடும். அப்புறம், காய்ச்சலோடோ, கொளுத்தும் வெயிலிலோ, முந்தின இரவு மது குடித்துவிட்டோ யாரும் பயிற்சிக்குப் போக வேண்டாம், ஸ்டாடின் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பயிற்சிக்குத் தாமதமாக வந்ததற்காகக் கோச் 300 முறை உட்கார்ந்து எழச் சொன்னாராம். மூன்று நாளாகப் படுத்தே கிடக்கிறான். 'பழகட்டும்' என்கிறார் கோச்.

பதில்: முதலில் பையனுக்கு ரத்தமும் சிறுநீரும் டெஸ்ட் செய்யுங்கள், இன்றைக்கே. கோச்சோடு பேச்சு அதற்கப்புறம். தானாகப் பயிற்சி செய்கிறவன் கால் தள்ளாடினால் நிறுத்திக்கொள்வான். தண்டனை வாங்குகிறவனுக்கு அந்த உரிமையே கிடையாது. எண்ணிக்கை முடியும்வரை கால் தள்ளாடிக்கொண்டேதான் எடுப்பான். இப்படித் தண்டனையாக உட்கார்ந்து எழுந்து சிறுநீரகம் வரை பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கோச்சிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். வாதாட வேண்டாம், எண் பேசும்.

கேள்வி: (முதல் கேள்வி கேட்டவரே மறுபடி) சரி டாக்டர், இனிமேல் பஸ்கியே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம் என்றால் முதல் நாள் எத்தனை?

பதில்: எடுக்கலாம். சி.பி.கே. ஆயிரத்துக்குக் கீழே இறங்கி, சிறுநீர் டெஸ்ட் நார்மலாகும் வரை நடை, தூக்கம், தண்ணீர் மட்டும். பிறகு உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். விடுமுறை முடிந்து வரும் கல்லூரி வீரர்களுக்காக அமெரிக்கப் பயிற்சியாளர் அமைப்புகள் 2019-இல் ஒரு வழிகாட்டல் வெளியிட்டன. வழக்கமான அளவில் முதல் வாரம் பாதியைக் குறை, இரண்டாம் வாரம் 30 சதவீதம், அப்புறம் 20, அப்புறம் 10 என்று போகிறது அந்தக் கணக்கு. அது சில வாரம் மட்டும் ஓய்ந்தவர்களுக்கு. 200-இல் பாதி 100 என்று நீங்கள் கணக்குப் போட்டுவிடாதீர்கள்! உங்கள் பழைய எண் செல்லாத நோட்டு. எட்டு பஸ்கி, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு எட்டு, அவ்வளவோடு எழுந்து போய்விடுங்கள். இரண்டு நாள் கழித்து தொடை என்ன சொல்கிறது என்று பார்த்து அடுத்தது. அந்த முதல் பதினாறுதான் தடுப்பூசி. ஒருமுறை லேசாகக் கிழிந்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு சுலபமாகக் கிழியாது.

இதே நோய் இரண்டாம் தடவையும் வந்தால் விஷயம் வேறு. பிறவியிலேயே தசையில் ஏதாவது என்சைம் குறைபாடு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

நான் மறுபடி கம்பியைப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. முதல் நாள் மூன்று. என் பத்து வயது மகள் பக்கத்தில் நின்று எண்ணினாள். நான் நாற்காலியை ஓரமாக நகர்த்தியதும், "அவ்வளவுதானாப்பா?" என்றாள்.

அவ்வளவுதான்.