சிறிய கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு பொருந்தும்?

கேள்வி: அலுவலகம் ஒன்றில் பயன்படுத்தி விற்கப்பட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 எஸ்.எஃப்.எஃப். (சிறிய பெட்டி வகை) கணினியைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். ஐ5-7500 பிராசஸரும், ஒரே குச்சியாக 8 ஜி.பி. ரேமும் உள்ளன. கல்லூரியில் படிக்கும் மகன் வீடியோ எடிட்டிங் பழகுகிறான். ஓய்வு நேரத்தில் கேம் விளையாடவும் ஆசைப்படுகிறான். என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். இதிலுள்ள 180 வாட் பவர் சப்ளை அதைத் தாங்காது என்கிறார் நண்பர். எதை நம்புவது?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: உங்கள் நண்பரின் கவலை நியாயமானது. ஜி.டி.எக்ஸ். 1650 கார்டுக்கு 75 வாட் வரை தேவைப்படும். கார்டு செருகும் ஸ்லாட் வழியாகத் தரப்படும் மின்சாரத்தின் உச்ச அளவும் அதே 75 வாட்தான். உங்கள் பிராசஸர் 65 வாட் வகையைச் சேர்ந்தது. இவை இரண்டும் முழு வேகத்தில் ஓடும்போதே 140 வாட் ஆகிவிடுகிறது. மதர்போர்டு, ரேம், டிஸ்க், மின்விசிறி, யு.எஸ்.பி. சாதனங்கள் ஆகிய அனைத்தும் மீதியுள்ள 40 வாட்டுக்குள் அடங்க வேண்டும். கணக்கில் இடிக்காது என்றாலும், சில ஆண்டுகள் உழைத்துவிட்ட பவர் சப்ளையை மணிக்கணக்கில் விளிம்பிலேயே ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த பவர் சப்ளையையே மாற்றிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். இந்தக் கணினியில் உள்ளது டெல் நிறுவனத்தின் தனி வடிவம். கடையில் கிடைக்கும் சாதாரண ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளை பெட்டிக்குள் நுழையாது, அதன் இணைப்புகளும் பொருந்தாது. டிஸ்க்குக்குச் செல்லும் சாட்டா மின் இணைப்பை கார்டுக்கான 6 முனை இணைப்பாக மாற்றும் கம்பியும் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கவே வாங்காதீர்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முனைகள் சுமார் 54 வாட்டுக்கு மேல் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. 6 முனை இணைப்போ 75 வாட் வரை இழுக்கும் உரிமை பெற்றது. பிளாஸ்டிக் உருகுவதும் தீப்பிடிப்பதும் அந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன. ஆகவே, தனி மின் இணைப்பு கேட்கும் எந்தக் கார்டும் உங்களுக்கு உரியதன்று.

கடைக்காரரும் நண்பரும் பேசாமல் விட்ட விஷயம் இட அளவு. சாதாரண கார்டின் உலோகப் பட்டை சுமார் 12 செ.மீ. உயரம் கொண்டது, உங்கள் பெட்டி ஏற்பதோ சுமார் 8 செ.மீ. உயரமுள்ள லோ புரொஃபைல் வகையை மட்டுமே. ஜி.டி.எக்ஸ். 1650 கார்டிலும் லோ புரொஃபைல் பதிப்புகள் வந்தன. ஆனால் அவற்றின் விசிறியும் வெப்பம் தணிக்கும் தகடும் சேர்ந்து இரண்டு ஸ்லாட் தடிமனை எடுத்துக்கொள்வதால், அடுத்த ஸ்லாட்டை இழக்க வேண்டும், காற்றோட்டமும் குறுகும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, என்விடியாவின் டி1000 கார்டே உங்களுக்கு ஏற்றது என்பது என் முடிவு. 2021-இல் வந்த இந்தக் கார்டில் ஜி.டி.எக்ஸ். 1650-இல் உள்ள அதே 896 கணிப்பு மையங்கள் உள்ளன. வேகத்தைச் சற்றே அடக்கி, 50 வாட்டுக்குள் ஓடும்படி செய்திருக்கிறார்கள். ஒற்றை ஸ்லாட் தடிமன், 16 செ.மீ.க்கும் குறைவான நீளம், தனி மின் இணைப்பு தேவையில்லை. 4 ஜி.பி., 8 ஜி.பி. என இரு வகை உண்டு. எடிட்டிங் பழகுபவருக்கு 8 ஜி.பி. வகை கூடுதல் பயன் தரும். இதில் மினி டிஸ்பிளேபோர்ட் முனைகள் மட்டுமே உள்ளன, எச்.டி.எம்.ஐ. மானிட்டருக்கு மாற்றி ஒன்று வேண்டும். லோ புரொஃபைலுக்கான குட்டை உலோகப் பட்டை கார்டு வரும் பெட்டிக்குள் இருக்கிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே திறந்து பாருங்கள். அது இல்லாவிட்டால் கார்டு இருந்தும் பொருத்த முடியாது.

ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 கார்டும் 53 வாட்தான். விளையாட்டில் கெட்டிக்காரக் கார்டு. இருப்பினும் உங்களுக்கு வேண்டாம். தரவு செல்ல அதில் நான்கு தடங்கள் மட்டுமே உண்டு, அதுவும் நான்காம் தலைமுறை வேகத்தை நம்பி. உங்கள் மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டோ மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வகை என்பதால் தரவுப் போக்குவரத்து பாதியாகக் குறையும். அத்துடன், முடித்த வீடியோவை விரைந்து சுருக்கித் தரும் வன்பொருள் வசதியும் அதில் இல்லை.

கார்டுக்கு முன்பாக இன்னொரு 8 ஜி.பி. ரேம் போட்டுவிடுங்கள். இரண்டு குச்சிகள் இருந்தால்தான் ரேம் இரட்டைப் பாதையில் இயங்கும்; எடிட்டிங் செய்யும்போது அந்த வேறுபாட்டை உங்கள் மகன் அன்றைக்கே உணர்வார். ஏழாம் தலைமுறை பிராசஸர் என்பதால், உங்கள் கணினி விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எனவே கணினி வாங்கிய விலையைத் தாண்டி அதில் செலவிட வேண்டாம். கார்டை மட்டும் பின்னாளில் வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

கேள்வி: இதே போன்ற கணினிக்கு ஜி.டி. 1030 மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டாவது மானிட்டர் இணைக்க மட்டும் என்றால் வாங்கலாம். அப்போதும் பெட்டியின் மேல் ஜி.டி.டி.ஆர்.5 என்ற நினைவக வகை அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அதே பெயரில் டி.டி.ஆர்.4 நினைவகத்துடனும் ஒரு கார்டு விற்கப்பட்டது. அதன் நினைவக வேகம் நொடிக்குச் சுமார் 17 ஜி.பி. மட்டுமே, மற்றதில் 48 ஜி.பி. இவ்வளவு வேறுபாடு கொண்ட இரு பொருள்களை ஒரே பெயரில் விற்றது வாங்குபவருக்கு இழைத்த அநீதி. விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர்களும் (கார்டை இயக்கும் மென்பொருள்) இந்தத் தலைமுறைக்கு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. பழைய கார்டு வாங்குவதானால், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெயர் மாற்றிய போலி என்விடியா கார்டுகள் பலவற்றை அது அடையாளம் காட்டிவிடும்.

கேள்வி: கார்டைச் செருகிய பிறகு திரை இருட்டாகவே இருக்கிறது. கார்டு பழுதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழுது என்று முடிவு செய்வதற்கு முன், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் முனையிலிருந்து எடுத்து கார்டின் முனையில் செருகுங்கள். கார்டு இருப்பதை அறிந்ததும் மதர்போர்டின் காட்சி முனைகளைத் தானாகவே நிறுத்திவிடும்படி பல கணினிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அப்போதும் தெரியாவிட்டால், மின் கம்பியை அகற்றிவிட்டு கார்டை எடுத்து, ஸ்லாட்டின் பூட்டு ஒலியுடன் விழும்வரை மீண்டும் அழுத்திச் செருகுங்கள். மிகப் பழைய கார்டு என்றால், அதைக் கழற்றிவிட்டு பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) சென்று, பாதுகாப்பாகத் தொடங்கவைக்கும் செக்யூர் பூட் அமைப்பை அணைத்து, பழைய வகை கார்டுகளை அனுமதிக்கும் லெகஸி ஆப்ஷன் ரோம் அமைப்பை இயக்கிய பின் மறுபடி பொருத்திப் பாருங்கள்.