வரைகிற வேலையை யாரிடம் விடுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சங்கத்துக்கு ஜாவா ஸ்விங்கில் (ஜாவாவில் ஜன்னல், பட்டன், டேபிள் எல்லாம் தருகிற நூலகம்) கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலை, மாலை பால் வரவு ஒரு டேபிளில் வரும். ஃபேட் (கொழுப்பு) 3.2-க்குக் கீழே போனால் அந்தக் கட்டம் சிவப்பாக வேண்டும் என்றார் செயலாளர். ஸ்விங்கின் டேபிளான ஜேடேபிளை எக்ஸ்டெண்ட் செய்து (அதிலிருந்து என் சொந்தக் கிளாஸ் ஒன்றை உண்டாக்கி), வரைகிற மெத்தடான பெயின்ட்காம்போனென்ட்டை ஓவர்ரைடு பண்ணி (மாற்றி எழுதி) நானே வரைந்தேன். எருமைப் பாலுக்கு அளவு வேறு, அதற்கு இன்னொரு கிளாஸ். உறுப்பினர் பெயர்ப் பட்டியல் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று; ஆக நான்கு கிளாஸ் ஆகிவிட்டது. இப்போது பெயருக்குப் பக்கத்தில் கடைசிப் பத்து நாள் பால் அளவைச் சின்னக் கோடுகளாகக் காட்டச் சொல்கிறார்கள். "வரைகிறதை வேற ஆப்ஜெக்ட்கிட்ட டெலிகேட் பண்ணு", அதாவது ஒப்படைத்துவிடு, என்கிறார் நண்பர். அப்படிச் செய்தால் என்ன லாபம்? வேகம் குறையாதா?

– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

நண்பர் சொன்னதைக் கேளுங்கள். மாட்டுப்பால், எருமைப்பால், தமிழ், மலையாளம், கோடு உண்டு, கோடு இல்லை என்று ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு கிளாஸ் பிரித்தால் அவை கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் பெருகும். நாளை செயலாளர் சிவப்பு வேண்டாம், ஆரஞ்சு போடுங்கள் என்றால் எத்தனை இடத்தில் மாற்றுவீர்கள்? இதில் எதுவுமே டேபிளின் குணம் இல்லை. வரிசையைக் காட்டுவது, ஸ்க்ரோல் ஆவது, தேர்வைக் கவனிப்பது, இவைதான் டேபிளின் வேலை. ஒரு கட்டம் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்பது தனி வேலை.

நீங்கள் ஓவர்ரைடு செய்த பெயின்ட்காம்போனென்ட் உண்மையில் என்ன செய்கிறது என்று ஜேடிகே சோர்ஸை (ஜாவாவின் சொந்த சோர்ஸ் கோடை) திறந்து ஒருமுறை பாருங்கள். சில வரிகள்தான். கிராஃபிக்ஸ் ஆப்ஜெக்டுக்கு ஒரு நகல் எடுக்கும். அதை, தோற்றத்தைக் கவனிக்கிற யூஐ ஆப்ஜெக்டின் அப்டேட் மெத்தடிடம் கொடுக்கும். முடிந்ததும் நகலை டிஸ்போஸ் செய்யும். ஸ்விங்கில் பட்டன்கூடத் தன்னைத் தானே வரைந்துகொள்வதில்லை. 1996-ல் வந்த, ஸ்விங்குக்கு முந்தைய ஜாவா நூலகமான ஏடபிள்யூடியில் சொந்தமாக எதையாவது வரைய வேண்டுமென்றால் கேன்வாஸ் என்ற வெற்றுப் பரப்பை எக்ஸ்டெண்ட் செய்து பெயின்ட்டை எழுதுவதுதான் வழக்கம். 1998-ல் ஜாவா 1.2-வுடன் ஸ்விங் வந்தபோது வரைகிற வேலையை வெளியே எடுத்து வைத்தார்கள். பழைய விண்டோஸின் 'ஓனர் டிரா'வும் இதே யோசனைதான்: லிஸ்ட் பாக்ஸ் தன் பேரன்ட் விண்டோவுக்கு மெசேஜ் அனுப்பி, இந்த வரியை நீ வரைந்து கொடு என்று கேட்கும். க்யூடி, ஃப்ளட்டர் போன்ற வேறு திரை நூலகங்களிலும் உண்டு: க்யூடியில் ஐட்டம் டெலிகேட், ஃப்ளட்டரில் கஸ்டம் பெயின்டர். பெயர்தான் வேறு வேறு.

உங்களுக்கு வேண்டியது, ஒரு கட்டத்தை எப்படிக் காட்டுவது என்று சொல்கிற டேபிள்செல்ரெண்டரர். அந்த இன்டர்ஃபேஸில் ஒரே ஒரு மெத்தட். டேபிள், மதிப்பு, தேர்வாகியிருக்கிறதா, ஃபோகஸ் இருக்கிறதா, வரிசை, நிரல் (நெடுக்கு வரிசை) எல்லாம் கையில் வந்துவிடும். நீங்கள் ஒரு காம்போனென்ட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும். இங்கேதான் வேகம் பற்றிய கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆயிரம் கட்டத்துக்கு ஆயிரம் லேபிள் உருவாவதில்லை. ஒரே லேபிளை, சங்கத்து வவுச்சரில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல, கட்டத்துக்குக் கட்டம் குத்திக்கொண்டே போகிறது டேபிள். அதனால் வேகம் குறையாது. ரெண்டரருக்குள் டேட்டாபேஸைத் திறந்தாலோ, ஒவ்வொரு முறையும் புது ஃபான்ட் உண்டாக்கினாலோதான் திணறும்.

ஒரே லேபிள் என்பதால் வருகிற தொல்லை ஒன்று உண்டு. ஃபேட் குறைந்தால் சிவப்பு என்று மட்டும் எழுதி, குறையாதபோது என்ன என்று எழுதாமல் விட்டால், முதல் சிவப்புக்கு அப்புறம் வருகிற எல்லாக் கட்டமும் சிவப்பாகிவிடும். போன கட்டத்தின் நிறம் அந்த லேபிளிலேயே தங்கியிருக்கும். 'இல்லாவிட்டால்' பக்கத்திலும் டேபிளின் வழக்கமான நிறத்தை எழுதுங்கள். தேர்வான வரிக்கு என்ன நிறம் என்பதையும் யோசித்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைவிட மோசமானது. தலைப்பைத் தட்டி வரிசையை மாற்றியதும் சிவப்பு வேறு ஆள் பெயரில் போய் விழும். ரெண்டரருக்கு வருகிற வரிசை எண் திரையில் தெரிகிற எண். டேபிளுக்குப் பின்னால் தகவலை வைத்திருக்கிற மாடலில் இருக்கிற எண் இல்லை. மாடலில் பக்கத்து நிரலைப் பார்க்க வேண்டியிருந்தால் முதலில் கன்வர்ட்ரோஇன்டெக்ஸ்டூமாடலைக் கூப்பிட்டு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல பால் ஊற்றியவர் பெயருக்கு நேரே சிவப்பு நிற்பது சாதாரண விஷயம் இல்லை. அன்றைய காசே அந்த ஃபேட்டை வைத்துத்தான்.

அதனாலேயே சொல்கிறேன், 3.2 என்ற எண் ரெண்டரருக்குள் இருக்கவே கூடாது. மாட்டுப்பாலா எருமைப்பாலா, அளவு குறைவா என்பதைப் பால் வரவு ஆப்ஜெக்ட் முடிவு செய்யட்டும். ரெண்டரர் 'குறைவா' என்று மட்டும் கேட்டு நிறம் பூசட்டும். முடிவெடுப்பதையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டால், டெலிகேட் செய்தும் பயன் இல்லை. நான்கு டேபிளுக்குப் பதில் நான்கு ரெண்டரர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

பத்து நாள் கோடுகளுக்குத் தனி ரெண்டரர்கூட வேண்டாம். ஐகான் என்ற இன்டர்ஃபேஸைப் பாருங்கள்: அகலம், உயரம், வரை, மூன்றே மெத்தட். ஸ்விங்கில் எனக்கு மிகவும் பிடித்த இன்டர்ஃபேஸ் இதுதான். டீஃபால்ட் ரெண்டரர் ஒரு ஜேலேபிள் என்பதால் பெயர் நிரலில் அப்படியே ஐகானாக வைத்துவிடலாம். அதே ஐகானை உறுப்பினர் விவரப் பக்கத்தில் ஒரு பட்டனிலும் வைக்கலாம். டேபிளை பிரின்ட் எடுத்தால் அதே ரெண்டரர்கள்தான் தாளிலும் வரையும். ஒன்றை மட்டும் காப்பாற்றுங்கள்: கையில் கொடுத்த கிராஃபிக்ஸில் மட்டும் வரையுங்கள், நீங்களாக கெட்கிராஃபிக்ஸ் கூப்பிட்டு வாங்காதீர்கள். அப்படி வாங்கியதில் வரைந்தது தாளுக்குப் போகாது.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனிக் கிளாஸ் வைத்ததைப் பார்த்ததும், எழுத்தெழுத்தாக வரைகிறீர்களோ என்று சந்தேகம் வந்தது. அப்படியானால் உடனே நிறுத்துங்கள். உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' யூனிகோடில் இரண்டு குறியீடுகள்: ககரம் ஒன்று, உயிர்க்குறி ஒன்று. அந்த உயிர்க்குறியின் பாதி ககரத்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். தனித்தனியாக வரைந்தால் க தனியாகவும், குறி ஒரு புள்ளி வட்டத்தோடும் வந்து நிற்கும். மலையாளத்தில் அதே ஊர்ப் பெயரில் கூட்டெழுத்துகள் வேறு இருக்கின்றன. அவை பிரிந்து சந்திரக்கலை (தமிழ்ப் புள்ளி போன்ற மலையாளக் குறி) வெளியே தெரியும். முழுப் பெயரையும் ஒரே சரமாக லேபிளிடம் கொடுங்கள், இரண்டு மொழியையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு எழுத்தும் உள்ள ஃபான்ட் இருந்தால் போதும்.

எக்ஸ்டெண்ட் செய்வதே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பால் கேனின் படத்தைத் தொட்டு இழுத்து அளவு மாற்றுகிற மாதிரி, தனக்கென்று நடத்தை உள்ள புதுப் பொருள் வேண்டுமென்றால் ஸ்விங்கின் அடிப்படைக் கிளாஸான ஜேகாம்போனென்ட்டை எக்ஸ்டெண்ட் செய்வதுதான் சரி. ரெண்டரர் கொடுப்பது வெறும் படம். அதில் ஒரு பட்டனை வரைந்தால் பட்டன் தெரியும், தட்டினால் ஒன்றும் நடக்காது. அதற்கு டேபிள்செல்எடிட்டர் தனியாக எழுத வேண்டும்.

முதலில் ஃபேட் நிரலை மட்டும் மாற்றிப் பாருங்கள். நிரலுக்கு நேரடியாக ரெண்டரரை வைத்துவிடுங்கள். கிளாஸ் வகையை வைத்து செட்டீஃபால்ட்ரெண்டரர் மூலம் பதிவு செய்வதானால், மாடலில், நிரலில் என்ன வகை மதிப்பு இருக்கிறது என்று சொல்கிற கெட்காலம்கிளாஸை எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால், மாடலுக்கு அடிப்படையான அப்ஸ்ட்ராக்ட்டேபிள்மாடல் எந்த நிரலைக் கேட்டாலும் 'ஆப்ஜெக்ட்' என்றே சொல்லும், உங்கள் ரெண்டரரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அது ஓடிய பிறகு பெயர் நிரல், கடைசியில் கோடுகள். பழைய நான்கு கிளாஸையும் அதற்கு அப்புறம் அழித்தால் போதும்.