தடுப்பூசி அட்டை நனைந்துபோனால்: தக்கலை நண்பருக்கு

வணக்கம். மழையில் ஊறிய அட்டையில் தேதிகள் அழிந்துவிட்டன, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளி தடுப்பூசிச் சான்று கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில், ஊசி போட்டபோது கொடுத்த அதே கைபேசி எண்ணால், ஒன்றிய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வினில் நுழையுங்கள். குழந்தையின் பெயர் இருந்தால் கியூஆர் குறியுள்ள சான்றிதழைப் பதிவிறக்கிப் பள்ளியில் கொடுத்துவிடலாம். ஆனால் அத்தளம் 2023 ஜனவரியில்தான் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது என்பதால், ஐந்து வயதுக் குழந்தையின் கைக்குழந்தைப் பருவத் தவணைகள் அதில் இல்லாமல் போக வாய்ப்புண்டு. அப்படியானால் பிள்ளைக்கு ஊசியே போடவில்லை என்று கலங்க வேண்டாம்.

கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணுடன் (தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளில், துணை சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். என் மகளின் அட்டை கிழிந்தபோது, எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் நீண்ட பதிவேட்டைப் புரட்டி, விரலால் வரிசையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தேதியையும் புது அட்டையில் எழுதிக்கொடுத்தார். அந்தப் பொறுமையை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். நீங்கள் எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் போட்ட ஊசிகளுக்கு அங்கேயே கேட்பது நல்லது. தனியார் மருத்துவமனையில் போட்டதற்கும் அவர்களிடமே எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போடவேண்டிய முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னிக்கு எதிரானது) இரண்டாம் ஊக்கத் தவணை முடிந்ததா என்பதையும் அன்றே கேளுங்கள். எங்கும் பதிவு கிடைக்காத தவணையை மீண்டும் போடுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.