கடனை அடைத்துவிட்டு வீட்டுக் காப்பீட்டைக் கைவிடலாமா?

கேள்வி: ஃபுளோரிடாவில் டாம்பா நகருக்கு அருகே, ஹில்ஸ்பரோ கவுண்டியில், 1999இல் கட்டப்பட்ட வீட்டில் குடும்பத்துடன் வசிக்கிறேன். என் வயது 52. வீடு 4,20,000 டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டுள்ளது. 2020இல் 2,600 டாலராக இருந்த ஆண்டு பிரீமியம் ஏறிக்கொண்டே போனது. 2023இல் பழைய நிறுவனம் புதுப்பிக்க மறுத்ததால் மாநில அரசு அமைத்த சிட்டிசன்ஸ் நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே அடுத்த ஆண்டுக்கு 6,500 டாலர் ஆகும். இப்போது ஒரு தனியார் நிறுவனம் என் பாலிசியை 7,400 டாலருக்கு எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்திருக்கிறது. கூரை 2009இல் போட்ட ஷிங்கிள் கூரை. அதை மாற்ற 22,000 டாலர் கேட்கிறார்கள். வீட்டுக் கடனில் 1,85,000 டாலர் பாக்கி, நிலையான வட்டி 2.875%. இந்தியாவில் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) வைப்பாக 1,10,000 டாலருக்குச் சமமான தொகை உள்ளது. அதையும் 401கே ஓய்வூதியக் கணக்கிலிருந்து 75,000 டாலரையும் எடுத்துக் கடனை அடைத்துவிட்டால், காப்பீடு எடுக்குமாறு கடன் கொடுத்தவர் கட்டாயப்படுத்த முடியாது; பிரீமியத் தொகையை நானே சேமித்துக்கொள்ளலாம் என்று கணக்கிடுகிறேன். என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவியின் தயக்கம் சரியானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தே ஆண்டுகளில் இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்த ஒரு செலவைக் கண்டு நீங்கள் அடையும் சினம் நியாயமானது. ஆனால் அதற்கு நீங்கள் கண்டிருக்கும் தீர்வு, இப்போது காற்றுக்கும் வெள்ளத்துக்கும் எட்டாத இடத்தில் இருக்கும் உங்கள் பணத்தையெல்லாம் கொண்டுவந்து, சூறாவளியின் பாதையில் நிற்கும் ஒரே வீட்டுக்குள் போட்டுவிட்டு, அந்த வீட்டுக்கு இருக்கும் பாதுகாப்பையும் அகற்றிவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். 59½ வயதுக்கு முன் 401கே கணக்கிலிருந்து எடுக்கும் தொகைக்கு வருமான வரியோடு 10% அபராதமும் உண்டு. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி இல்லையென்றாலும், நீங்கள் 24% மத்திய வரி அடுக்கில் இருப்பதாகக் கொண்டால், கையில் 75,000 டாலர் நிற்க ஏறத்தாழ 1,14,000 டாலர் எடுக்க வேண்டும். 2.875% வட்டிக் கடனை அடைப்பதற்காக முப்பத்து நான்கு விழுக்காட்டை இழப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இன்றைய நிலையில் அத்தகைய வட்டியில் இன்னொரு கடன் உங்களுக்குக் கிடைக்கப்போவதுமில்லை.

அடுத்து, பிரீமியத்தை நீங்களே சேமிக்கும் யோசனை. ஆண்டுக்கு 7,400 டாலர் வீதம் பத்து ஆண்டுகள் தவறாமல் சேமித்தாலும், வட்டி நீங்கலாக 74,000 டாலர்தான் சேரும். வீட்டை மீண்டும் கட்ட 4,20,000 டாலர் வேண்டும். சூறாவளி பத்தாம் ஆண்டு முடியும்வரை காத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் சூறாவளி கரையேறியது. டாம்பா விரிகுடாவின் கரையோரப் பகுதிகளில் கடல்நீர் வீடுகளுக்குள் புகுந்தது. இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், அக்டோபர் 9 அன்று மில்டன் டாம்பாவுக்குத் தெற்கே உள்ள சியெஸ்டா கீயில் கரையைக் கடந்தது. மத்தியப் பேரிடர் முகமையான ஃபீமாவின் உதவியை நம்பியும் இருக்க முடியாது. 2024 சூறாவளிகளின்போது வீட்டுச் சேதத்துக்கு அது ஒரு குடும்பத்துக்கு அளிக்கக்கூடிய உச்சத்தொகை 45,000 டாலரைக்கூடத் தொடவில்லை. காப்பீடு என்பது சூறாவளிக்கு மட்டுமானதன்று என்பதையும் நினைவில் வையுங்கள். சமையலறைத் தீயும், உங்கள் வாசலில் வழுக்கி விழுந்தவர் தொடுக்கும் வழக்கும் அதே பாலிசிக்குள்தான் அடங்குகின்றன.

கடன் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு ஃபுளோரிடா சட்டம் ஓர் இடைவழியைத் தருகிறது. காற்றால் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு வேண்டாம், அந்தச் செலவை நானே ஏற்பேன் என்று தாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், தீ, பிறருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பு போன்றவற்றுக்கு மட்டும் பாலிசி பெறலாம். பாலிசிதாரர் தாமே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி சட்டம் கேட்பதிலிருந்தே இந்த முடிவு எவ்வளவு கனமானது என்பது விளங்கும். வீட்டின் மதிப்பு தம் மொத்தச் சொத்தில் சிறு பங்காக உள்ளவர், வீடு முழுவதும் போனாலும் வாழ்க்கை மாறாதவர், இதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களின்படி அந்த நிலையில் நீங்கள் இல்லை.

இனி, வந்திருக்கும் கடிதத்துக்கு வருகிறேன். சிட்டிசன்ஸ் நிறுவனம் 2002இல், வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்கான கடைசிப் புகலிடமாக உருவாக்கப்பட்டது. அதன் பாலிசிகளின் எண்ணிக்கை 2023இல் பதினான்கு இலட்சம் அளவுக்குப் பெருகியதால், தனியார் நிறுவனங்களுக்கு அவற்றை மாற்றிவிடும் முயற்சி தீவிரமானது. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, குடியிருக்கும் வீட்டுக்குத் தனியார் நிறுவனம் கேட்கும் பிரீமியம் சிட்டிசன்ஸின் புதுப்பிப்புப் பிரீமியத்தைவிட 20%க்கு மேல் போகாதவரை, சிட்டிசன்ஸில் தொடரும் தகுதி உங்களுக்கு இல்லை. உங்கள் கணக்கில் அந்த எல்லை 7,800 டாலர். வந்திருக்கும் 7,400 டாலர் அதற்குள் அடங்குகிறது. ஆகவே அங்கேயே இருக்கிறேன் என்று மறுக்க உங்களுக்கு வழியில்லை. கடிதத்துக்குப் பதிலே அனுப்பாவிட்டாலும் பாலிசி தானாகவே புதிய நிறுவனத்துக்குச் சென்றுவிடும். ஆனால் அந்த ஒரு நிறுவனத்தைத்தான் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல நிறுவனங்களுடன் பணியாற்றும் சுயேச்சை முகவர் ஒருவரிடம் சென்று வேறு விலைகளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சிட்டிசன்ஸை விட்டுச் செல்வதைப் பெரும் இழப்பாகவும் கருத வேண்டாம். அங்கும் பிரீமியம் நிலையாக இருக்கப்போவதில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு 2026இல் 15% வரை உயர்த்தச் சட்டம் இடமளிக்கிறது. ஒரு பெரும் சூறாவளியால் அந்த நிறுவனத்துக்குப் பற்றாக்குறை ஏற்பட்டால், அதன் பாலிசிதாரர்கள்மீது முதலில் 15% வரை கூடுதல் கட்டணம் விழும்.

புதிய நிறுவனத்தின் தாள்களைப் படிக்கும்போது பிரீமியத்தைக் கடைசியாகப் பாருங்கள். கூரை சேதமானால் புதிய கூரையின் முழு விலையைத் தருவார்களா, அல்லது தேய்மானம் கழித்த மதிப்பை மட்டும் தருவார்களா என்பதே உங்கள் விஷயத்தில் முதல் கேள்வி. பதினைந்து ஆண்டு கடந்த ஷிங்கிள் கூரைக்குத் தேய்மானம் கழித்த மதிப்பு என்றால், கைக்கு வருவது சொற்பம். பழைய வீட்டை இன்றைய கட்டட விதிகளுக்கு ஏற்பத் திருத்திக் கட்ட ஆகும் கூடுதல் செலவுக்கு 25% அல்லது 50% காப்பு இருக்கிறதா என்பது அடுத்தது. 1999இல் கட்டிய உங்கள் வீடு, 2002 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த மாநிலம் தழுவிய கட்டட விதிகளுக்கு முந்தையது. ஆதலால் இந்தக் காப்பு உங்களுக்கு அவசியம். நிறுவனம் மாநில உரிமம் பெற்றதா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற நிறுவனம் திவாலானால் ஃபுளோரிடா காப்பீட்டு உத்தரவாதச் சங்கம் வீட்டுக்கும் அதிலுள்ள பொருள்களுக்கும் 5,00,000 டாலர் வரை பொறுப்பேற்கும். சர்ப்ளஸ் லைன்ஸ் எனப்படும், அந்த உரிமம் பெறாத நிறுவனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின் பல நிறுவனங்கள் ஒரேயடியாக விழுந்த மாநிலம் இது என்பதால், இந்தக் கேள்வியை நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

டிடக்டிபிளைப் பற்றி, அதாவது சேதத்தில் நிறுவனம் பணம் தருமுன் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகையைப் பற்றி, நீங்கள் கேட்கவில்லை. முகவர் கட்டாயம் பேசுவார். சூறாவளிக்கான டிடக்டிபிள் உங்கள் இழப்பில் கணக்கிடப்படுவதில்லை, வீட்டின் காப்பீட்டுத் தொகையில் கணக்கிடப்படுகிறது. 2% என்றால் 8,400 டாலர், 5% என்றால் 21,000 டாலர். 5%க்கு மாறினால் ஆண்டுக்கு 540 டாலர் குறையும் என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக நீங்கள் தலையில் ஏற்றுக்கொள்ளும் 12,600 டாலரை அந்தச் சேமிப்பு ஈடுகட்ட இருபத்து மூன்று ஆண்டுகள் சூறாவளியே வராமல் இருக்க வேண்டும். டாம்பாவில் அந்தப் பேரத்தை நான் ஏற்கமாட்டேன். 2%இலேயே இருங்கள், 8,400 டாலரைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வேறெதற்கும் தொடாதீர்கள். ஒரே நாட்காட்டி ஆண்டில் இரண்டு சூறாவளிகள் வந்தாலும், அதே நிறுவனத்தின் பாலிசியாக இருந்தால் ஃபுளோரிடாவில் அந்த டிடக்டிபிள் ஆண்டுக்கு ஒருமுறைதான். இரண்டாவது சூறாவளிக்கும் இது கணக்கில் வர வேண்டுமென்றால், முதல் சூறாவளியின் சேதம் டிடக்டிபிளுக்குக் குறைவாக இருந்தாலும் செலவுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பிரீமியம் ஏன் இப்படி ஏறியது என்று பலர் கேட்கிறார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் உலகச் சந்தையில் வாங்கும் மறுகாப்பீட்டின் விலை, கட்டுமானச் செலவு, 2022 செப்டம்பர் 28 அன்று தாக்கிய இயன் சூறாவளி ஆகியவற்றோடு வழக்குகளும் காரணம். 2019இல் அமெரிக்கா முழுவதும் எழுந்த வீட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் ஏறத்தாழ 8%தான் ஃபுளோரிடாவில் எழுந்தன. வழக்குகளிலோ ஏறத்தாழ 76% இங்கே தொடுக்கப்பட்டன. 2022இன் சட்டத் திருத்தங்கள் இதை அடக்கியுள்ளன. ஆனால் அவற்றால் 2020இன் பிரீமியம் உங்களுக்குத் திரும்ப வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் கையில் இருப்பது வீடுதான், குறிப்பாக அதன் கூரை.

உங்கள் 22,000 டாலர் கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது: என்.ஆர்.இ. வைப்பின் ஒரு பகுதியை எடுத்துக் கூரையை மாற்றுங்கள். ஃபுளோரிடா சட்டப்படி, பதினைந்து ஆண்டுக்குட்பட்ட கூரையின் வயதை மட்டும் காரணம் காட்டி எந்த நிறுவனமும் உங்களை மறுக்க முடியாது. அதைக் கடந்த கூரையானால், இன்னும் ஐந்து ஆண்டுகளேனும் தாங்கும் என்று ஆய்வாளர் சான்றளித்தால்தான் அந்தப் பாதுகாப்பு. உங்கள் கூரை அந்தக் கோட்டைக் கடந்துவிட்டதால், ஆண்டுக்கு ஆண்டு உங்களை ஏற்க முன்வரும் நிறுவனங்கள் குறைந்துகொண்டே போகும். பழைய ஷிங்கிளைப் பிரித்தெடுக்கும் அந்த இரண்டு நாள்களில்தான் மற்ற வேலைகளும் மலிவாக முடியும்: அடிப்பலகைகளை நெருக்கமான இடைவெளியில் புதிய ஆணிகளால் இறுக்குதல், பலகை இணைப்புகளின்மேல் நீர்த்தடுப்புப் படலம் ஒட்டுதல், கூரைச் சட்டங்களைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டைகளைச் சரிபார்த்து இல்லாத இடங்களில் பொருத்துதல். இவையெல்லாம் விண்ட் மிட்டிகேஷன் (காற்றுச் சேதத் தணிப்பு) ஆய்வுப் படிவத்தில் தனித்தனியே குறிக்கப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் பிரீமியத்தின் காற்றுப் பங்கில் சட்டப்படி தள்ளுபடி தர வேண்டும். படிவம் ஐந்து ஆண்டுகள் செல்லும், ஆய்வுக் கட்டணமும் அதிகமில்லை. இன்றைய கூரைக்கே அப்படியோர் ஆய்வு உங்கள் பெயரில் கோப்பில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், உங்களுக்கு உரிய தள்ளுபடியை இத்தனை ஆண்டுகளும் நீங்கள் பெறாமலேயே இருந்திருக்கக்கூடும்.

சன்னல்களையும் கதவுகளையும் புயல் தாங்குபவையாக மாற்றுவதை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். அதற்கான தள்ளுபடி, எல்லாத் திறப்புகளும் பாதுகாக்கப்பட்டால்தான் முழுமையாகக் கிடைக்கும். ஒரு சன்னலோ கண்ணாடி பதித்த வாகனக் கொட்டகைக் கதவோ விடுபட்டால் அது போய்விடும். இரண்டொன்றை மட்டும் மாற்றி ஏமாற வேண்டாம். கூரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், இந்த மாற்றங்களுக்குப் பிறகு பிரீமியம் எவ்வளவு ஆகும் என்று முகவரைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். 2,000 டாலர் குறைந்தால் பதினொரு ஆண்டில் செலவு மீளும். அதைவிடக் குறைவாக இருந்தாலும், வயதான கூரையை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். உங்கள் வீடு 2008க்கு முந்தையது என்பதால் மை சேஃப் ஃபுளோரிடா ஹோம் திட்டத்தையும் பாருங்கள்: ஒரு டாலருக்கு இரண்டு டாலர் வீதம் 10,000 வரை மானியம் தருகிறது. ஆனால் நிதி ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவது. குறைந்த வருமானமுள்ளோருக்கும் அறுபது வயது கடந்தோருக்கும் முன்னுரிமை என்பதால், அதை நம்பி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு வாசலில் வந்து இலவசக் கூரை போட்டுத் தருகிறேன் என்பவரிடம் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

வெள்ளக் காப்பீடு உங்கள் கடிதத்தில் இல்லை, அதுவே எனக்குக் கவலை தருகிறது. வழக்கமான வீட்டுப் பாலிசி கீழிருந்து ஏறும் வெள்ளத்துக்குப் பணம் தராது. மில்டனின்போது கடலலை எழாத இடங்களிலும் மழைநீர் வீடுகளுக்குள் நின்றது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000, பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை காப்புக் கிடைக்கும். சிட்டிசன்ஸில் தொடர வாய்த்தாலும் உங்கள் தொகை அளவுள்ள வீடுகளுக்கு 2026 முதல் வெள்ளக் காப்பீடு கட்டாயம்தான். வாங்கிய நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்தே அது செயலுக்கு வரும் என்பதால், ஜூன் 1 அன்று பருவம் தொடங்குமுன் காப்பு வேண்டுமானால் மே முதல் தேதிக்குள் பணம் செலுத்திவிடுங்கள். புயல் நெருங்கிய பிறகு நிறுவனங்கள் புதிய வீட்டுப் பாலிசிகளையும் எழுதுவதில்லை.

நிறுவனம் மாறும் நாளில் புதிய பாலிசியின் நகலை உங்கள் கடன் நிறுவனத்துக்கு நீங்களே அனுப்பிப் பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடு இல்லையென்று அவர்கள் கருதினால், தாமாகவே ஒரு பாலிசியை எடுத்து, வரிக்கும் பிரீமியத்துக்குமாக மாதத் தவணையோடு வசூலிக்கும் உங்கள் எஸ்க்ரோ கணக்கில் பற்று வைப்பார்கள். அதன் விலை மிக அதிகம், காப்பதோ பெரும்பாலும் அவர்களுடைய கடன் தொகையை மட்டுமே. மாதத் தவணை திடீரென உயர்ந்தால், எஸ்க்ரோ பற்றாக்குறையைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்துக் கட்டக் கேளுங்கள்.