சீம்பாலை விற்றுவிட்டு டப்பா பவுடர் வாங்கலாமா?

கேள்வி: இத்தலாரில் கேரட் தோட்டத்தோடு இரண்டு மாடும் வைத்திருக்கிறோம். பொள்ளாச்சி சந்தையில் வாங்கி வந்த ஜெர்சி கலப்பு மாடு அடுத்த மாதம் ஈனும். சீம்பாலுக்கு நல்ல விலை தருகிறேன் என்று ஒருவர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். கன்றுக்குப் பவுடர் கரைத்துக் கொடுத்தால் போதும், அதே சத்துதான் என்று ஒரு டப்பாவையும் காட்டினார். மாமியாரோ நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடவே கூடாது என்கிறார். டப்பாவை வாங்கலாமா?
– ஒரு வாசகி, நீலகிரி

பதில்: முதல் கறவையை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. என்ன விலை சொன்னாலும் சரி.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. அதனால் கன்று ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் தரையில் விழுகிறது. தாய் அதற்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் சீம்பாலில் இருக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குக் கன்றின் குடல் அந்தப் புரதத்தைச் செரிக்காமல் முழுசாகவே ரத்தத்துக்குள் விடும். 6 மணி நேரம் போனால் அந்த வழி வேகமாகக் குறுகும், 24 மணி நேரத்தில் அடைந்துவிடும். ராத்திரி ஈன்ற கன்றுக்குக் காலையில் பால் கொடுத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டால், பாதி வாய்ப்பு தூக்கத்திலேயே போய்விடும்.

அளவு, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 22 கிலோ கன்று என்றால் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது, நான்கு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 12 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை கொடுங்கள். உங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். ஈரத்தோடு நடுங்கும் கன்றுக்கு உடம்புச் சூட்டைத் தருவதும் இந்தப் பால்தான். சாதாரணப் பாலைவிட இதில் திடச்சத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, கொழுப்பும் கூடுதல். கன்று பிறக்கும்போது அதன் உடம்பில் வைட்டமின் ஏ சேமிப்பு மிகக் குறைவு, அதையும் சீம்பால் நிரப்பும். வயிற்றில் தங்கிய முதல் மலமும் இளகி வெளியேறும்.

மாமியார் சொல்வது நம் பக்கத்தில் காலங்காலமாக இருக்கும் நம்பிக்கை. ஆனால் நஞ்சுக்கொடி விழ 12 மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் கன்றின் நேரம் கடந்துவிடும். கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடம்பில் ஊறும் ஹார்மோன் கருப்பையைச் சுருங்கவைத்து, கொடி விழவும் உதவும். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி டப்பா. கடையில் விற்பவற்றில் பல, வளர்ந்த கன்றுக்குப் பாலுக்கு மாற்றாகக் கொடுக்கும் பவுடர். அதற்கும் சீம்பாலுக்கும் சம்பந்தமே இல்லை. சீம்பால் பவுடர் என்றே போட்டிருந்தால், ஒரு வேளைக்கு எத்தனை கிராம் ஐஜிஜி என்று பாருங்கள். அதுதான் அந்த எதிர்ப்புப் புரதம். தாய்ப்பாலே இல்லாத கன்றுக்குக் குறைந்தது 100 கிராம் வேண்டும், 150க்கு மேல் இருந்தால் நல்லது. அந்த எண்ணையே போடாத டப்பாவை வாங்காதீர்கள். ஈன்றதும் தாய் செத்துப்போவது, மடிநோய் வருவது போன்ற ஆபத்துக்குத்தான் பவுடர். வாங்கினால் பில் கேளுங்கள். பிழைப்புக்காகச் சொந்தமாக மாடு வளர்ப்பவரும் 2019 நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர்தான். புகாருக்கு 1915.

ஆபத்துக்குப் பவுடரைவிட நல்லது உங்கள் மாட்டுச் சீம்பாலேதான். கன்றுக்குப் போக மிஞ்சுவதை ஒரு லிட்டர் பைகளில் தட்டையாக நிரப்பி ஃப்ரீஸரில் வைத்தால் ஒரு வருஷம் தாங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தே உருக்குங்கள். கொதிக்கவைத்தால் புரதம் திரிந்துவிடும். அதற்கும் மேல் மிஞ்சினால் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துக் குழந்தைகளுக்குக் கொடுங்கள், விலை பேசியவரிடம் விற்பதானாலும் விற்றுக்கொள்ளுங்கள். பால் சங்கத்துக்கு ஊற்றும் பாலில் மட்டும் கலந்துவிடாதீர்கள். உணவுச் சட்டப்படி சீம்பால் கலந்தது பால் ஆகாது.

சந்தையில் சினை மாடு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களில்தான் எதிர்ப்புப் புரதம் மடியில் சேரும். மாடு எந்தக் கொட்டகையில் நிற்கிறதோ, அங்குள்ள கிருமிகளுக்கு ஏற்றபடிதான் அது அமையும். நீங்கள் ஒரு மாதம் முன்பே கொண்டுவந்துவிட்டது நல்லதாயிற்று. நாளைக்கே ஈனும் என்று சொல்லி விற்கும் மாட்டை மலைக்கு ஏற்றினால், அதன் சீம்பால் கீழ்நாட்டுக் கிருமிக்குத்தான் பழகியிருக்கும்.

கேள்வி: தேன் பதம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்னிடம் இருக்கிறது. சீம்பாலின் தரத்தை அதில் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: முடியாது. கரைந்திருக்கும் சத்தை இந்தக் கருவி பிரிக்ஸ் என்ற அலகில் காட்டும். தேன் கருவியின் அளவுகோல் பொதுவாக 58 பிரிக்ஸில்தான் ஆரம்பிக்கும், சீம்பால் அதற்கு வெகு கீழே நிற்கும். பழச்சாறு பார்க்கும் 0 முதல் 32 வரையான கருவியைக் கேட்டு வாங்குங்கள். முதல் கறவையில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். 22 அல்லது அதற்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். குறைவாகக் காட்டினால் கூடுதலாகக் கொடுங்கள், அல்லது ஃப்ரீஸரில் இருக்கும் நல்ல பையை எடுங்கள். கெட்டியாக, மஞ்சளாக இருக்கிறது என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள்.