பழைய ரவுட்டரில் வைஃபை மெதுவாகிவிட்டது: பேக்கேஜைக் கூட்டுவதா, ரவுட்டரை மாற்றுவதா?

கேள்வி: வெள்ளவத்தையில் நான்காம் மாடி ஃபிளாட். ஃபைபர் லைன், ஏழு வருடப் பழைய ரவுட்டர். ஹோலில் ஓரளவு ஓடுகிறது. உள்ளறையில் இரவானால் வீடியோ சுத்திக்கொண்டே நிற்கிறது. பெரிய பேக்கேஜுக்கு மாறவா, புது ரவுட்டர் வாங்கவா?

பதில்:

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மெதுவாக இருப்பது லைனா வைஃபையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். லேப்டொப்பில் வைஃபையை நிறுத்திவிட்டு, ஒரு லான் கேபிளால் ரவுட்டரில் நேரே செருகுங்கள். மற்ற எல்லோரையும் ஐந்து நிமிடம் துண்டிக்கச் சொல்லிவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை. இரவிலும் கேபிளில் பேக்கேஜின் வேகம் வந்தால், பெரிய பேக்கேஜுக்குக் கொடுக்கும் காசு வீண்.

கேபிளிலும் வேகம் இல்லையென்றால் மாத டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பல பேக்கேஜ்களில் அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அடுத்து, ஃபைபர் கம்பி அலுமாரிக்குப் பின்னால் நசுங்கியோ கூர்மையாக மடிந்தோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரவுட்டரின் முகவரியை பிரவுசரில் அடித்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே நிலை (ஸ்டேட்டஸ்) பகுதியில் வந்துசேரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற சிக்னல் பல அலகில் இருக்கும். அது -8க்கும் -27க்கும் இடையில் இருக்க வேண்டும். -27ஐ நெருங்கிவிட்டால் அந்த எண்ணையே சொல்லி முறைப்பாடு கொடுங்கள். 'நெட் ஸ்லோ' என்று சொல்வதைவிட ஓர் எண்ணோடு போகும் முறைப்பாடு வேகமாக நகரும்.

இன்னொன்று: கேபிளில் எப்போது சோதித்தாலும் 94 அல்லது 95 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால், ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை, அல்லது கேபிளுக்குள் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கிறது. எட்டுக் கம்பியும் சரியாக இருந்தால்தான் கிகாபிட் ஓடும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றால் பிளக்கின் செப்பு முனைகள் பச்சை பிடித்தும் இது நடக்கும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால் கேபிளில் வேகம் சரியாகவே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உறுதிசெய்ய, உள்ளறையிலிருந்து வைஃபையில் 192.168.1.1 என்ற முகவரிக்கு ஐம்பது தடவை பிங் செய்யுங்கள், அதாவது சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர எடுக்கும் நேரத்தைப் பாருங்கள் (உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருந்தால் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்). 2, 3 மில்லிசெக்கன் வந்தால் நல்லது. இடையிடையே 200, 500 என்று தாவினாலோ பதில் வராமல் போனாலோ, வீட்டுக்குள் இருக்கும் காற்றலைதான் பிரச்சினை. லைனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் இரவில் மட்டும்? 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஒரே சனலில் (அந்த அலைவரிசையின் ஒரு பிரிவு) இருக்கும் எல்லாக் கருவிகளும், பக்கத்து வீட்டுக்காரருடையவை உட்பட, ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் பேச முடியும். வெள்ளவத்தை ஃபிளாட்டொன்றில் போனைத் திறந்தால் இருபது முப்பது வைஃபை பெயர்கள் தெரியும். இரவில் எல்லோரும் வீட்டில். எல்லா டிவியும் ஓடும். உங்கள் முறை வரத் தாமதமாகும். ஆண்ட்ரொயிட் போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு, இரவு ஒன்பது மணிக்கு உள்ளறையில் நின்று பாருங்கள். 1, 6, 11 ஆகிய மூன்று சனல்களில் எது குறைந்த நெரிசலோ அதை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரிவுசெய்யுங்கள். 3 காலியாகத் தெரிகிறதே என்று அதில் போய் உட்காராதீர்கள். ஒரே சனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு விட்டுக்கொடுக்கும். பாதி மேவிக்கிடக்கும் சனலில் இருப்பதோ அடுத்தவருக்கு வெறும் இரைச்சல். அவருடையதும் உங்களுக்கு இரைச்சல். 'ஓட்டோ' என்று விட்டுவைப்பதிலும் பயனில்லை. பழைய ரவுட்டர்கள் பல, இயக்கும்போது மட்டும்தான் சனலைத் தேடும். பிறகு மாதக்கணக்கில் அதிலேயே கிடக்கும்.

சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்குங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 300 எம்பிபிஎஸ் என்பது 40 மெகாஹேர்ட்ஸில், இரண்டு அன்டெனாவுக்கு உரிய கணக்கு. 20இல் அது 144 ஆகும், கையில் கிடைப்பது அதில் பாதியளவு. குறைகிறதே என்று தயங்க வேண்டாம். நெரிசலான தொடர்மாடியில் 40 வைத்தால் இரண்டு மடங்கு சத்தம்தான் வந்து சேரும்.

அதே பக்கத்தில் பாதுகாப்பு முறையையும் பாருங்கள். பழைய ரவுட்டர்களில் டிகேஐபி என்ற பழைய பாதுகாப்பு முறை இருந்தால் உடனே டபிள்யூபிஏ2 - ஏஇஎஸ் ஆக மாற்ற வேண்டும். டிகேஐபியில் இணையும் கருவிக்கு, ரவுட்டர் எவ்வளவு நல்லதானாலும், 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேலான இணைப்பு கிடைக்காது. உண்மையில் இருபது சொச்சம்தான் வரும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே திணறல் நிற்கும் வீடுகள் இருக்கின்றன.

பலரும் கவனிக்காதது அடப்டர். ஏழு வருடம் இரவு பகலாகச் சூட்டில் இயங்கிய அடப்டரின் கபாசிட்டர்கள் தளர்ந்துவிடும். சும்மா மீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும். நான்கைந்து போன்கள் ஒன்றாக வீடியோ பார்க்கும்போதுதான் மின்னழுத்தம் இறங்கும். அப்போது ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும், அல்லது வைஃபை மட்டும் விழுந்து எழும்பும். அதே வோல்ட், அதே அல்லது கூடிய அம்பியர், அதே பின் அளவு, அதே துருவம் உள்ள இன்னொரு அடப்டரை ஒரு நாள் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. 2022 மின்வெட்டு நாட்களில் வாங்கிய சின்ன ரவுட்டர் யூபிஎஸ் இடையில் இருந்தால் அதையும் சந்தேகியுங்கள். உள்ளே இருக்கும் லிதியம் பற்றரிகள் களைத்திருக்கும். யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு ஒரு நாள் நேரே மின்சாரத்தில் ஓட விடுங்கள்.

ரவுட்டர் டிவி அலுமாரிக்குள் இருந்தால் வெளியே எடுத்து, தலை உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கொழும்பு வெக்கையில் மூடிய அலுமாரி ஓர் அடுப்பு மாதிரி. மைக்ரோவேவுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பக்கத்தில் வேண்டாம்.

போன்களின் புகைப்பட பேக்கப்பும் சிசிடிவி கமராவும் இரவில் அப்லோட் பாதையை அடைத்தால், டவுன்லோடும் சேர்ந்து திணறும். பேக்கப்பை விடியற்காலைக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் உள்ளறையில் சிக்னல் -75 டிபிஎம்முக்குக் கீழேயே நின்றால், அப்போது காசு செலவழியுங்கள். ஆனால் ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) வேண்டாம். மலிவான வகைகள் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில்தான், வேகம் பாதியாகும். 5 கிகாஹேர்ட்ஸும் கிகாபிட் போர்ட்டும் உள்ள சாதாரண ரவுட்டர் ஒன்றை வாங்கி, கேட் 5இ வகை லான் கேபிள் ஒன்றைப் பழைய ரவுட்டரிலிருந்து உள்ளறைக்கு இழுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் செங்கல் சுவரைத் தாண்டச் சிரமப்படும் என்பதால் அது அந்த அறைக்குள்ளேயே இருப்பது நல்லது. பக்கத்து வீட்டு நெரிசலும் அதே காரணத்தால் குறைவு.

ஃபைபர் வந்துசேரும் பழைய ரவுட்டரைக் கழற்றவோ, அதன் ரீசெட் துளையில் ஊசி குத்தவோ வேண்டாம். நிறுவனம் போட்ட அமைப்புகள் அழிந்தால் ஆள் வரும்வரை நெட் இருக்காது. புதியதன் முகவரியை 192.168.1.2 என்று வைத்து (பழையதன் முகவரி வேறு வரிசையில் இருந்தால் அதற்கேற்ப), அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை, அதைப் பழையதே பார்க்கும்) நிறுத்தி, பழையதன் லான் போர்ட்டிலிருந்து புதியதன் லான் போர்ட்டுக்குக் கேபிளைச் செருகுங்கள், வெளி லைனுக்கான வான் போர்ட்டுக்கு அல்ல. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் கொடுங்கள். 2.4 சனலை மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 11 என்று பிரித்து வைத்தால் அவை ஒன்றையொன்று மறிக்காது.