உணவு ஒவ்வாமை இரத்தப் பரிசோதனை: ஆய்வகத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியுமா?

கேள்வி: என் ஆறு வயது மகளுக்கு அடிக்கடி வயிற்று உப்புசமும் தோலில் அரிப்பும் இருந்தன. ஒரே இரத்த மாதிரியில் 200 உணவுகளுக்கான ஒவ்வாமையைக் கண்டறிவதாக விளம்பரம் செய்த ஒரு தனியார் ஆய்வகத்தில் பரிசோதித்தோம். பால், கோதுமை, முட்டை உட்பட 38 உணவுகள் அறிக்கையில் சிவப்பு நிறத்தில் இருந்தன. ஆய்வகத்தின் உணவு ஆலோசகர் சொன்னபடி ஏழு மாதங்கள் அவை அனைத்தையும் நிறுத்தினோம், குழந்தை மெலிந்துவிட்டாள். அந்தப் பரிசோதனையைக் கொண்டு ஒவ்வாமையைத் தீர்மானிக்கவே முடியாது என்கிறார் ஒவ்வாமை நிபுணர். ஆய்வகமோ, "இது நோயறிதல் அன்று" என்ற வரியுடன் நான் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டிப் பணத்தைத் தர மறுக்கிறது. வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: தொடுக்கலாம். ஆனால் எதைக் குற்றமாகச் சொல்லித் தொடுக்கிறீர்கள் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று குறிப்பிடாததால், பெரும்பாலான நாடுகளின் நுகர்வோர் சட்டத்துக்கும் மருத்துவக் கவனக்குறைவுச் சட்டத்துக்கும் பொதுவான கோட்பாடுகளை வைத்தே எழுதுகிறேன்.

"பரிசோதனை தவறு" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். உங்கள் மகளின் இரத்தத்தில் ஆய்வகம் அளந்தது, நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால், ஐஜிஜி (IgG) என்னும் ஆன்டிபாடியின், அதாவது நோய் எதிர்ப்புப் புரதத்தின், அளவாகவே இருக்க வேண்டும். அறிக்கையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த அளவு துல்லியமானதாகவே இருக்கலாம். கருவியின் தரச் சான்றிதழ்களை ஆய்வகம் நீதிமன்றத்தில் அடுக்கினால் உங்கள் வழக்கு அங்கேயே நின்றுவிடும். குறை அளவில் இல்லை; அந்த அளவுக்கு அவர்கள் கற்பித்த பொருளில் இருக்கிறது. உடனடி ஒவ்வாமையோடு தொடர்புடைய ஆன்டிபாடி ஐஜிஇ (IgE). அது 1960களில் கண்டறியப்பட்டு 1968இல் அப்பெயரைப் பெற்றது. ஐஜிஜியோ, ஓர் உணவை உண்டு பழகிய உடலில் இயல்பாகவே தோன்றக்கூடியது. எனவே அன்றாடம் பாலும் கோதுமையும் முட்டையும் உண்ணும் குழந்தைக்கு அவையே சிவப்பில் வருவதில் வியப்பில்லை.

நிபுணர் சொன்னது அவருடைய தனிக் கருத்து மட்டுமன்று என்பதே உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரும் பலம். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய, ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4 பரிசோதனை பொருத்தமற்றது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008இல் அறிவித்தது. அமெரிக்கக் கழகம் அதை 2010இல் ஆதரித்தது. கனடாவின் கழகம் 2012இல் ஐஜிஜி பரிசோதனைகளைக் குறித்து இதே நிலையை எடுத்தது. மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கமாக எடுக்கும் ஆயுதம், 1957ஆம் ஆண்டின் இங்கிலாந்து போலம் வழக்கிலிருந்து வரும் வாதமாகும்: பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு பிரிவினர் ஏற்கும் முறையைப் பின்பற்றியவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல முடியாது. துறையின் முதன்மை அமைப்புகளே இப்படி எழுதி வைத்திருக்கும்போது, அத்தகைய பிரிவு ஒன்று இருக்கிறது என்று காட்டுவது ஆய்வகத்துக்கு எளிதாக இராது.

ஆகவே ஆய்வகம் சொன்ன, எழுதிய சொற்களே உங்கள் சான்றுகள். விளம்பரத்தை, அது மாற்றப்படுவதற்கு முன், தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். ஆலோசகர் அனுப்பிய குறுஞ்செய்திகள், உணவுப் பட்டியல், ரசீது எதையும் அழிக்காதீர்கள். விளம்பரத்தில் "ஒவ்வாமை" என்றும் அறிக்கையில் "சகிப்பின்மை" என்றும் இருந்தால் அந்த வேறுபாட்டை அடிக்கோடிடுங்கள். ஒவ்வாமை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வினை, சகிப்பின்மை அப்படியன்று. எடுத்துக்காட்டாக, பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவதால் வரும் தொல்லையை ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனையால் அறிகிறார்கள். எந்த ஆன்டிபாடியை அளந்தாலும் அது புலப்படாது. இரண்டு சொற்களையும் கலந்து விற்பதில் வணிக லாபம் இருக்கிறது என்பது என் கருத்து.

படிவத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். "நோயறிதல் அன்று" என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதே அறிக்கையை வைத்தே ஒரு குழந்தைக்கு ஏழு மாத உணவு விலக்கை விதித்தவர், தம் எழுத்தைத் தம் செயலாலேயே மறுத்திருக்கிறார். கவனக்குறைவால் உடலுக்கு ஏற்படும் தீங்குக்கான பொறுப்பிலிருந்து இத்தகைய வரிகள் தப்பவைக்காது என்பது பல நாடுகளில் சட்டமாகவே உள்ளது. மேலும், முக்கியமான இடர்களையும் மாற்று வழிகளையும் எடுத்துச் சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் மான்ட்கோமெரி வழக்கில் தீர்ப்பளித்தது. உணவு ஆலோசகருக்கும் அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் வளரும் குழந்தைக்கு இத்தனை உணவுகளை நிறுத்தினால் சத்துக்குறை வரலாம் என்று ஒருவராவது எச்சரித்தாரா என்ற கேள்வியை எழுப்ப அந்தத் தீர்ப்பு உதவும்.

உங்கள் வழக்கின் மெலிந்த இடம் காரணத் தொடர்பு. மெலிவு உணவு விலக்கால் வந்ததா, முன்பே இருந்த ஏதோ ஒரு நோயால் வந்ததா என்று எதிர்த்தரப்பு கேட்கும். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் எடையும் உயரமும் பதிவான வளர்ச்சி அட்டை இருந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. நீங்கள் எண்ணிப் பார்த்திருக்காத ஓர் இழப்பும் இதில் அடங்கியிருக்கலாம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் வரும் சீலியாக் என்ற குடல் நோயை அறியும் இரத்தப் பரிசோதனை, குளூட்டனை உண்டுவரும்போதுதான் நம்பத்தக்கது. ஏழு மாதம் நிறுத்திய பிறகு, நோய் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். உண்மையான காரணத்தைக் கண்டறியும் வாய்ப்பு அதனால் தள்ளிப்போயிருந்தால், அதையும் நிபுணரின் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

வழக்குக்காகப் பாலையோ முட்டையையோ வீட்டில் நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். தோல் அழற்சி உள்ள குழந்தைகள் நெடுநாள் விலக்கிய உணவை மீண்டும் உண்ணும்போது திடீரென்று கடும் எதிர்வினை ஏற்பட்டதுண்டு. மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில், சிறிது சிறிதாக உணவைக் கொடுத்துப் பார்க்கும் சோதனைதான் மருத்துவத்தில் இறுதிச் சொல். நீதிமன்றத்திலும் அதற்கே எடை அதிகம். அதில் ஓர் உணவுக்கு எதிர்வினை வந்தால், "நாங்கள் அன்றே சொன்னோமே" என்று ஆய்வகம் கூறும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். உங்கள் வழக்கறிஞரும் எல்லை மீறக் கூடாது: ஐஜிஇ பரிசோதனையில் அளவு கூடியிருப்பது மட்டுமே ஒவ்வாமையை நிரூபிக்காது, நோயின் வரலாறும் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

கட்டணம், மாற்று உணவுச் செலவு ஆகியவற்றைத் தவறாக வழிநடத்திய விளம்பரத்தின் பேரில் உங்கள் பெயரில் கேளுங்கள். உடல் தீங்குக்கான இழப்பீடு குழந்தைக்குரிய தனி உரிமை. அதை அவள் சார்பில் பெற்றோர் கோர வேண்டும். காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும்: இந்திய நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகள், இங்கிலாந்தில் உடல் தீங்கு வழக்குக்கு 3 ஆண்டுகள். சிறார்க்குப் பல சட்டங்கள் சலுகை தருகின்றன; ஆனாலும் அதை நம்பிக் காத்திருக்காமல் உங்கள் கோரிக்கைக்கான வக்கீல் நோட்டீஸை இம்மாதமே அனுப்புங்கள். நோட்டீஸ் கிடைத்ததும் பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்து, "அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்க வாய்ப்பு உண்டு. மருத்துவமனைச் சோதனையின் முடிவு கைக்கு வரும்வரை அதில் கையெழுத்திடாதீர்கள்.